ஆசைக்கு வாங்கும் சரக்கிலும் குத்தூசி போடுங்கள்!
பழைய கிதார் வாங்கிய ஒரு மொத்த வியாபாரியின் அனுபவம்



துவரம்பருப்பு விலை, வத்தல் வரத்து, வரிப் படிவம் என்று எழுதிவரும் நாம் இம்முறை கிதாரைப் பற்றி எழுதுவதைக் கண்டு சிலர் புன்னகைக்கலாம். படித்து முடித்தால் இதுவும் கொள்முதல் பற்றிய கட்டுரையே என்பது விளங்கும்.

1982-ஆம் ஆண்டு 'பயணங்கள் முடிவதில்லை' படம் வந்தபோது நாம் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்து சேர்ந்திருந்த இளைஞர். அப்படத்தில் கிதார் ஒலியோடு தொடங்கும் ஒரு பாடல் நம்மை ஆட்டிப் படைத்தது. சரக்கு விஷயமாகச் சென்னை சென்றபோது, 1842-இல் தொடங்கப்பட்ட மியூசி மியூசிகல் கடை வாசலில் நின்று கிதார்களைப் பார்த்தோம். பார்த்ததோடு சரி. ஊர் திரும்பித் தகப்பனாரிடம் மெல்லச் சொன்னோம். "கல்லாவில் உட்காருகிறவன் கையில் கம்பி வாத்தியமா? நாளைக்கு எவன்லே நம்பிச் சரக்கு போடுவான்?" என்றார். அன்றைய நிலையில் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆசையை மடித்துப் பெட்டியில் வைத்தோம்.

இன்று நமக்கு வயது 64. கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். மாலை ஏழு மணிக்கு மேல் நமக்கு வேலையில்லை. பொறுப்பை மகனிடம் கொடுத்த சில மாதங்களிலேயே சோர்ந்து படுத்துவிட்ட வியாபாரிகளை நாம் பார்த்திருக்கிறோம். கடையைத் தவிர வேறெதுவும் தெரியாமல் வாழ்ந்ததன் பலன் அது. அந்தப் பயம் நமக்கும் வந்தது. பெட்டியில் மடித்து வைத்த ஆசை அப்போதுதான் வெளியே வந்தது.

முதல் கொள்முதலில் சறுக்கினோம்

வெளியூரில் பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் ஒரு கிதார் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். பளபளவென்று இருந்தது. உள்ளே அயல்நாட்டுப் பெயர் ஒட்டிய லேபிள். "இந்தச் சரக்கு இனி வராது, வேறு இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்" என்றார். நாமே ஆயிரம் முறை சொல்லிய வசனம் அது! ஆனாலும் மயங்கி 14,000 ரூபாய் கொடுத்துத் தூக்கி வந்தோம்.

வீட்டில் கம்பியை அழுத்தினால் விரல் நோகிறது, சுருதி நிற்கவில்லை. மதுரையில் வாத்தியம் பழுதுபார்க்கும் தம்பியிடம் கொண்டுபோனோம். அவர் கிதாரைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, பளபளப்பைப் பார்த்தீங்க, கழுத்தைப் பார்க்கலையே" என்றார். உடலோடு சேரும் இடத்தில் கழுத்து எழும்பியிருந்தது. அதைக் கழற்றிச் சரிசெய்ய 11,000 ரூபாய் ஆகும் என்றார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

நாற்பது ஆண்டு, குத்தூசி போட்டு மாதிரி பார்க்காமல் ஒரு மூட்டை பருப்பு வாங்கியதில்லை. நமக்கென்று வாங்கும்போது அந்தக் கை எங்கே போயிற்று? அன்றிரவு கணக்கு நோட்டில் 'பாடம் படித்த வகையில் 14,000' என்று பற்று எழுதினோம். அடுத்த முறை அந்தத் தம்பிக்கு பஸ் செலவும் 500 ரூபாயும் கொடுத்து உடன் அழைத்துப் போனோம். அவர் சொல்லிக்கொடுத்த சோதனைகளைக் கீழே தருகிறோம்.

பார்த்து வாங்க எட்டுச் சோதனைகள்

1. கழுத்து: தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல் தலைப்பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். மிக லேசான வளைவு இருக்கலாம். முறுக்கிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். பல கிதார்களில் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி உண்டு. அதைத் திருகி வளைவைத் திருத்தலாம். 1833-இல் தொடங்கிய அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம்கூட, திருகித் திருத்தும் கம்பியை 1985-இல்தான் வைக்கத் தொடங்கியது. எனவே பழைய கிதாரில் அந்த வசதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2. கம்பியின் உயரம்: வீணையில் இருப்பதுபோலக் கிதாரிலும் மெட்டுகள் உண்டு. பன்னிரண்டாம் மெட்டின்மேல் தடித்த கம்பி ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் நிற்பது நலம். நாம் ஏமாந்த கிதாரில் ஐந்து மில்லிமீட்டர்! பள்ளிப் பிள்ளையின் அடிக்கோலே போதும், அளந்துவிடலாம்.

3. குதிரை: கம்பிகள் இறங்கும் கட்டைக்கும் மேல்பலகைக்கும் இடையில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே போனால் ஒட்டு விட்டிருக்கிறது என்று பொருள். ஆறு இரும்புக் கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ விசையில் இழுக்கின்றன. ஒரு மூட்டை அரிசியை இரவும் பகலும் பல ஆண்டுகள் தொங்கவிட்டதற்குச் சமம். பழைய கிதாரின் பெரும்பாலான நோய்களுக்கு மூலம் இதுதான்.

4. வயிறு: குதிரைக்குப் பின்னால் மேல்பலகை லேசாக உப்பியிருப்பது இயல்பு. பானைபோல் உப்பியிருந்தாலும் ஒலித் துளைப் பக்கம் குழி விழுந்திருந்தாலும் எச்சரிக்கை.

5. தட்டிப் பார்த்தல்: தேங்காயைத் தட்டுவதுபோல் விரல் முட்டியால் மெதுவாகத் தட்டுங்கள். கிறுகிறுவென்று அதிர்ந்தால் உள்ளே தாங்கு சட்டம் விட்டிருக்கலாம். கைப்பேசி விளக்கை உள்ளே அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

6. மெட்டுகள்: ஆறு கம்பியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி ஒலிக்கச் செய்யுங்கள். கரகரத்தால் மெட்டு தேய்ந்திருக்கலாம். புது மெட்டு போடும் கூலியை விலையில் கழியுங்கள்.

7. பலகை: ஒலித் துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே ஓடும் மரக்கோடு விளிம்பிலும் இறங்கினால் ஒரே பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகை என்பதாலேயே மட்டம் என்று எண்ண வேண்டாம். ஒட்டுப்பலகையை ஒரே பலகை என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

8. கம்பி வகை: நைலான் கம்பிக்கென்று செய்த கிதாரில் இரும்புக் கம்பி மாட்டியிருந்தால் வாங்காதீர்கள். அந்த இழுவையைத் தாங்கும்படி அது செய்யப்படவில்லை.

விலையின் சூட்சுமம்

பழைய கிதார் வாங்குவோர் இரு வகையினர். ஒருவர் சேகரிப்பவர், மற்றவர் வாசிப்பவர். சேகரிப்பவர் அரிய சரக்கைத் தேடுவார். மார்ட்டின் நிறுவனம் 1933 முதல் 1942 வரை 'டி-45' என்ற வகையில் 91 மட்டுமே செய்தது. அவற்றின் விலை இன்று பல லட்சம் டாலர். அது நமக்கான சந்தை இல்லை.

ஆனால் அங்கே நமக்கு ஒரு லாபம் இருக்கிறது. விரிசலை ஒட்டியது, திருகு மாற்றியது, புதிதாக வார்னிஷ் பூசியது என்றால் சேகரிப்பவர் ஒதுக்குவார்; விலை இறங்கும். ஒட்டு உறுதியாக இருந்தால் வாசிப்பவருக்கு அதனால் குறைவில்லை. முழு முந்திரிக்கும் உடைந்த முந்திரிக்கும் விலை வேறு. பாயசத்தில் ருசி ஒன்றுதானே!

மரத்தின் பெயருக்கும் விலை உண்டு. பிரேசில் ஈட்டி மரக் கிதாருக்கு மவுசு அதிகம். அம்மரம் அரிதாகிவிடவே, மார்ட்டின் நிறுவனம் 1969 வாக்கில் இந்திய ஈட்டிக்கு மாறியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும், தோதகத்தி என்று நாம் சொல்லும் அதே மரந்தான். பிரேசில் ஈட்டி 1992 முதல் சர்வதேசக் கட்டுப்பாட்டில் இருப்பதால், அம்மரத்தில் செய்த கிதாரை உரிய தாள்கள் இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுவர முடியாது. மலிவாகக் கிடைக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து வரவழைப்போர் இதை மறக்கக்கூடாது.

இரண்டாம் கொள்முதல்

தூத்துக்குடியில் கப்பல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், ஜப்பானில் தாம் வாங்கிய யமஹா எஃப்.ஜி. 180 ஒன்றை விற்பதாக அறிந்தோம். 1966-இல் அறிமுகமான வகை அது. உள்ளே சிவப்பு லேபிளில் 'நிப்பான் கக்கி' என்று அந்த நிறுவனத்தின் பழைய பெயர். மேல்பலகை ஒட்டுப்பலகைதான், ஆனாலும் இன்றும் தேடி வாங்குகிறார்கள். கடற்காற்றில் திருகுகள் துருவேறியிருந்தன. கழுத்து நேராக இருந்தது. எட்டுச் சோதனையும் முடித்து, திருகு மாற்றும் செலவைக் கழித்து விலை கேட்டோம்.

பெரியவர் விலை பேசவில்லை. "வாசிப்பீங்களா, விற்பீங்களா?" என்று கேட்டார். அவர் கையில் வாதம், விரல் மடங்கவில்லை. வாழ்நாளெல்லாம் சரக்கை வாங்கி விற்ற நமக்கு அப்படியொரு கேள்வியை யாரும் போட்டதில்லை. "விற்க மாட்டோம் ஐயா" என்றோம். 18,000 ரூபாய்க்கு முடிந்தது. கைமாறிய விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். பழைய பொருளில் இது அவசியம். திருட்டுச் சரக்கு என்று நாளை யாரும் சொல்லக்கூடாது.

பராமரிப்பு

கிதாருக்கு 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம் ஏற்றது. மிக வறண்டால் மரம் வெடிக்கும். மிக ஈரமானால் உப்பும். வெயில் படும் சுவரிலும் பூட்டிய காரிலும் வைக்காதீர்கள். வாசித்தபின் கம்பியைத் துணியால் துடையுங்கள். புதிதாகக் கற்போர் மெல்லிய கம்பி மாட்டுவது நலம். முதல் மாதம் விரல் நுனி வலிக்கும், பிறகு காய்த்துவிடும். மூட்டை தூக்கிய கை நம்முடையது, இதற்கு அஞ்சலாமா?

இப்போது தினமும் இரவு எட்டு மணிக்கு அரைமணி நேரம் வாசிக்கிறோம். ஐந்து ஸ்வரக் கட்டு பிடிக்கத் தெரியும். ஆறாவதில் விரல் தடுமாறுகிறது. 1982-இல் கேட்ட அந்தப் பாட்டு இன்னும் கைக்கு வரவில்லை. முன்பெல்லாம் அந்நேரம் டி.வி. முன் உட்காரும் வீட்டம்மா, இப்போது நம்மருகில் வந்து காய் நறுக்குகிறார். கிதார் கையில் இருப்பதால், இரவு நேரத்தில் மகனுக்குப் போன் போட்டு "கல்லாவில் எவ்வளவு?" என்று கேட்பதும் நின்றுவிட்டது. அவனுக்கும் நிம்மதி.

முதலில் வாங்கிய கிதார் இன்றும் பரண்மேல் இருக்கிறது. விற்கவில்லை. குறையைச் சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள். சொல்லாமல் விற்க மனம் வரவில்லை.

வணிக நண்பர்களே! கிதாரோ, மிருதங்கமோ, மாடித் தோட்டமோ, கடைக்கு அப்பால் ஒன்றை இப்போதே தேடிக்கொள்ளுங்கள். அதை வாங்கப் போகும்போது மறவாமல் குத்தூசியையும் எடுத்துச் செல்லுங்கள். வாங்கி வந்தபின் இருப்பில் வைக்காதீர்கள், எடுத்துப் புழங்குங்கள்.