தை முகூர்த்தமும் திங்கள், புதன், வெள்ளியும்

கீழ் வீட்டுப் பெண் போன வாரம் ஒரு சாயங்காலம் மாடிக்கு வந்தாள். கையில் ஜவுளிக்கடைப் பை. "அத்தை, முகூர்த்தப் புடவை எடுத்தாச்சு, பாருங்க" என்று பிரித்துக் காட்டினாள். அரக்கு நிறப் பட்டு, மாம்பழ மஞ்சளில் கரை. முந்தானையை விரித்தவள் அதை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள்.

நான் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தேன். அழுகிற பெண்ணிடம் உடனே எதுவும் கேட்கக் கூடாது. இஞ்சி தட்டிப் போட்டு, பால் ஊற்றி, பொங்கி அடங்கும்வரை நின்றேன். டம்ளரைக் கையில் கொடுத்த பிறகு அவளே சொன்னாள்.

"கடையில நான் சிரிச்சேன் அத்தை. புடவையைத் தோள்ல போட்டுக்கிட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு சிரிச்சேன். அந்த நேரத்துல அப்பா மெஷின்ல படுத்திருந்தார்."

அவளுக்குத் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளைக்குப் புனேயில் வேலை. நிச்சயம் ஆடியிலேயே பேசி ஆவணியில் முடிந்தது. புரட்டாசிக் கடைசியில் அப்பாவுக்குக் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு வாங்கியது. இருபது வருஷச் சர்க்கரை இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டிருந்தது. இப்போது திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ்.

சொந்தக்காரர்கள் இரண்டு கட்சி. பெரியப்பா சொல்கிறாராம்: "உடம்பு தேறட்டும், கல்யாணத்தை ஆனிக்குத் தள்ளி வைப்போம்." சித்தி சொல்கிறாளாம்: "அவர் கண்ணால பாக்கட்டும், கார்த்திகையிலயே முடிச்சிடுவோம்." கேட்பதற்கு நேர் எதிராக இருக்கிறது. உள்ளே இரண்டும் ஒன்றுதான். பெரியப்பா இந்த நோய் காய்ச்சல் மாதிரி வந்து போய்விடும் என்று நினைக்கிறார். சித்தி அவரை ஏற்கெனவே வழியனுப்பிவிட்டாள். இரண்டு பேரும் நடுவில் உட்கார்ந்திருக்கிற மனிதரைப் பார்க்கவில்லை.

என் கணவர் ஏழு வருஷம் டயாலிசிஸில் இருந்தார். அந்த ஏழு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதைத்தான் அவளுக்குச் சொன்னேன். முதலில் நோயைப் புரிந்துகொள் அம்மாடி, பயம் அதற்கப்புறம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கலாம் என்றேன்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு. நல்ல சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு 180 லிட்டர் அளவு வடிகட்டி, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே தள்ளும். தூங்கும்போதும் வேலை நடக்கும். அந்த வேலை நின்றால் கழிவும், உப்பும், தண்ணீரும் உள்ளேயே தங்கிவிடும். நாள்பட்டுக் கெட்ட சிறுநீரகம் பழையபடி திரும்புவதில்லை. பெரியப்பா காத்திருக்கிற 'தேறுதல்' அந்த வழியில் வராது. ஆனால் அந்த வேலையை வெளியே இருந்து ஓரளவு செய்து கொடுக்க முடியும், வருஷக்கணக்கில் முடியும். சித்தி தெரிந்துகொள்ள வேண்டியது அது.

"அந்த மெஷின் என்னதான் பண்ணுது?" என்றாள்.

உப்பு நார்த்தங்காய் ரொம்பக் கரித்தால் என்ன செய்வோம்? தண்ணீரில் ஊறப் போடுவோம். நார்த்தங்காயின் உப்பு தண்ணீருக்கு இறங்கும். தண்ணீரை மாற்றினால் இன்னும் இறங்கும். டயாலிசிஸின் அடிப்படை அவ்வளவுதான். அந்த உருளைக்குள் முடி போல் மெல்லிய ஆயிரக்கணக்கான குழல்கள். குழலுக்குள் ரத்தம் ஓடுகிறது, வெளியே சுத்தமான கரைசல் ஓடுகிறது. ரத்தத்தில் இருக்கிற கழிவு குழலின் சுவர் வழியே கரைசலுக்குப் போய்விடும். ரத்த அணுக்கள் பெரியவை, அவை வெளியே போகாது. நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் அளவு கரைசல் ஓடும்.

இதை மனிதர்களுக்குச் செய்து பார்த்த முன்னோடிகளில் ஒருவர் வில்லெம் கோல்ஃப் என்ற டச்சு டாக்டர். 1943. நாட்டை ஜெர்மன் ராணுவம் பிடித்துவைத்திருந்த காலம். காம்பன் என்கிற சின்ன ஊரில், தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்படுத்தும் செல்லோஃபேன் குழாயை ஒரு மர உருளையில் சுற்றிக் கரைசலில் சுழல விட்டார். தொடக்கத்தில் சிகிச்சை பெற்றவர்களில் அநேகமாக எல்லோருமே இறந்துபோனார்கள். அவர் நிறுத்தவில்லை. 1945இல் நினைவிழந்து கிடந்த 67 வயதுப் பெண் ஒருவர் அந்த இயந்திரத்தில் கண் விழித்தார். அதற்கப்புறம் பல வருஷம் வாழ்ந்தார். என் கணவர் முதல் முறை மெஷினில் படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டில்காரர் இந்தக் கதையைச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குத்தான் சரியாகச் சாப்பிட்டோம்.

அவளுக்கு ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. அப்பாவின் கழுத்தில் தற்காலிகக் குழாய் போட்டிருக்கிறார்கள். அதோடு மணையில் உட்கார அவருக்குக் கூச்சம். போட்டோவில் தெரியுமே என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

இங்கேதான் காலண்டர் கைகொடுக்கும். கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சேர்த்து டாக்டர்கள் ஃபிஸ்டுலா போடுவார்கள். 1966 முதல் இந்த முறை இருக்கிறது. சிரை தடித்து, ஊசி தாங்குகிற அளவுக்குப் பக்குவப்பட ஆறிலிருந்து எட்டு வாரம் வேண்டும். சிலருக்குக் கூடவும் ஆகும். இப்போது ஐப்பசி. இந்த மாதமே போட்டுக்கொண்டால், நல்லபடியாகப் பக்குவப்பட்டால், தைக்குள் கழுத்துக் குழாயை எடுத்துவிடலாம். குழாய் வழியாகக் கிருமி தொற்றும் பயமும் குறையும். புடவை எடுக்கக் கடைக்கு நாள் குறித்த மாதிரி இதற்கும் நாள் குறி என்றேன். அந்தக் கையில் ஊசி போடவிடக் கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கவிடக் கூடாது, இறுக்கமாக வாட்ச்சோ கயிறோ கட்டக் கூடாது, கனமான பை தூக்கக் கூடாது. தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு அதிர்வு ஓடும், பூனையின் வயிற்றில் கை வைத்தால் இருக்குமே, அந்த மாதிரி. அது நின்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு.

அடுத்தது முகூர்த்த நாள். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசம் அவர் டயாலிசிஸ் தொடங்கிய மூன்றாம் வருஷம். வீட்டுப் பிளானை அவர் சரிபார்த்ததே மெஷின் நாற்காலியில்தான். இடது கையில் இரண்டு ஊசி ஏறியிருக்கும், வலது கையில் பென்சில். சமையலறை ஜன்னலைக் கிழக்கே மாற்றியது ஒரு வெள்ளிக்கிழமை, அந்த நாலு மணி நேரத்துக்குள். கிரகப்பிரவேசம் திங்கட்கிழமை விடியற்காலையில் அமைந்தது. "இன்னிக்கு ஒரு நாள் போகாட்டி என்ன, நாளைக்குப் போய்க்கலாம்" என்று சொன்னது நான்தான். வந்தவர்களோடு பாயசம் சாப்பிட்டார். யாரோ அன்பாக இளநீர் கொடுத்தார்கள், குடித்தார். ராத்திரி பதினொரு மணிக்கு மூச்சுத் திணறல். நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டது, பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தாறுமாறாகிவிட்டது. புது வீட்டில் முதல் இரவு நான் ஆம்புலன்ஸில் இருந்தேன். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த வாசல் நிலையில் மஞ்சள் பூசிய ஈரம் காய்வதற்கு முன் அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நல்ல நாளுக்காக நோய் விடுப்பு எடுத்துக்கொள்ளாது. திங்கள், புதன், வெள்ளி போகிறவருக்கு வெள்ளியிலிருந்து திங்கள் வரைக்கும் உள்ள இடைவெளிதான் வாரத்திலேயே ஆபத்தானது. உங்கள் முகூர்த்தம் சரியாக அந்த ஞாயிற்றுக்கிழமை விழுகிறது. ஆகவே சனிக்கிழமை காலையில் கூடுதலாக ஒரு முறை செய்யலாமா என்று டாக்டரிடம் இப்போதே கேள். ஒரு மாதம் முன்னால் சொன்னால் படுக்கை ஒதுக்கிக் கொடுப்பார்கள். முதல் நாள் கேட்டால் அவர்களாலும் முடியாது. மத்தியானம் அவரை யாரும் எழுப்பாமல் தூங்கவிட்டால் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்கு உட்கார்ந்துகொள்வார். திங்கட்கிழமை வீடு நிறைய விருந்தாளிகள் இருப்பார்கள். இருக்கட்டும். அவர் ஆட்டோ ஏறிப் போகட்டும். கூட்டிப்போக யார் என்று இன்றைக்கே பெயர் எழுதிவை, மணப்பெண்ணான நீ இல்லை, உன் தம்பி.

சாப்பாட்டையும் பேசினோம். தண்ணீர் அளவு டாக்டர் சொன்ன அளவுதான். டீயும் ரசமும் பாயசமும் அதில் சேர்த்தி. இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சுச் சாறு பக்கம் போகவே கூடாது. ஊறுகாயும் அப்பளமும் உப்பு, உப்பு தாகத்தைக் கொண்டுவரும். முகூர்த்தம் முடியும்வரை பட்டினி என்று யாராவது சொன்னால், சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர் பட்டினி கிடக்கக் கூடாது என்று புரோகிதரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். விவரம் தெரிந்த புரோகிதர்கள் மறுக்க மாட்டார்கள். தாம்பூலத் தட்டுக்குப் பொறுப்பு யார் என்று பேசுகிற வீட்டில் அப்பாவின் தண்ணீர் பாட்டிலுக்குப் பொறுப்பு யார் என்றும் பேச வேண்டும். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் நோயைப் பேசக் கூடாது என்று ஒரு பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பழக்கம் எங்களுக்கு ஒரு ராத்திரியைக் கொடுத்தது. பேசுவதில் அபசகுனம் இல்லை.

டம்ளரைக் கீழே வைத்தாள். இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போது சொன்னாள்.

"நான் கிட்னி குடுத்துட்டா? கல்யாணத்தை நிறுத்திட்டு?"

அந்தக் கேள்விக்கு நான் அவள் தலையைத் தடவினேன். பதில் சொல்ல அதன் பிறகுதான் முடிந்தது. கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவன் மனைவி நெருங்கிய உறவு. 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்தார்கள். ஆனால் இனிமேல்தான் பிள்ளை பெறப்போகிற இளம்பெண்ணை முதல் ஆளாக டாக்டர்கள் நிறுத்த மாட்டார்கள். ஒரு கிட்னி கொடுத்த பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். முதலில் உன் அம்மாவையும் பெரியப்பாவையும் பரிசோதிக்கட்டும். அப்பாவின் பெயரை அரசின் காத்திருப்போர் பட்டியலில் பதியச் சொல்லுங்கள். 2008இல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து இந்த மாநிலத்தில் எத்தனையோ வீடுகள் அப்படிக் கொடுத்திருக்கின்றன. 2023 முதல் அப்படிக் கொடுத்தவர்களின் இறுதிச் சடங்கில் அரசு மரியாதையும் உண்டு. வரிசை நீளம்தான், ஆனால் வரிசையில் நின்றால்தானே முறை வரும்.

உன் அப்பாவுக்கு டயாலிசிஸை இன்னொரு வகையிலும் செய்ய முடியலாம். வயிற்றில் குழாய் வைத்து, கரைசல் பையை வீட்டிலேயே மாற்றிக்கொள்வது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அவர் உடம்புக்குச் சரிப்படுமா என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. கேட்பது உன் வேலை.

"புனேக்குப் போயிட்டா நான் என்ன அத்தை செய்ய முடியும்?"

போன் செய். டயாலிசிஸ் முடிந்த சாயங்காலம் செய்யாதே, அப்போது அவருக்கு உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும், உன் குரலுக்காக எழுந்து உட்கார்ந்து பேசிவிட்டு மறுபடி சாய்வார். அடுத்த நாள் காலை செய். உடம்பைப் பற்றி மட்டும் கேட்காதே. அங்கே கேஸ் கனெக்‌ஷன் வந்ததா, அரிசி எங்கே கிடைக்கிறது என்று சொல். என் மகன் வெளியூரிலிருந்து தினமும் "அப்பா, வெயிட் எவ்வளவு ஏறியிருக்கு?" என்று மட்டும் கேட்பான். ஒரு நாள் இவர் என்னிடம் சொன்னார்: "அவன் என்கிட்ட பேசறதில்லை, தராசுகிட்ட பேசறான்."

கடையில் சிரித்ததைப் பற்றி நான் தனியாக எதுவும் சொல்லவில்லை. புடவையை மடித்துக் கொடுக்கும்போது ஒன்று மட்டும் கேட்டேன். "தள்ளி வைக்கிறதா, முன்னால வைக்கிறதான்னு இத்தனை பேர் பேசறீங்களே, அப்பாவைக் கேட்டியா?"

கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை.

நேற்று வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கு அவளுடைய அப்பா படி ஏறி வந்தார், ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்று. கையில் கல்யாணப் பத்திரிகையின் புரூஃப். "பிழை இருந்தா பாருங்கம்மா" என்று நீட்டினார். தேதி அதே தை ஞாயிறு. ஓர் இடத்தில் மட்டும் அவரே பேனாவால் திருத்தியிருந்தார், வரவேற்பு மாலை 7 மணி என்பதை 6 என்று. "ராத்திரி ரொம்ப நேரம் நிக்க முடியாது பாருங்க. வர்றவங்க சீக்கிரம் சாப்பிட்டுப் போகட்டும்."

டீ வேண்டுமா என்றேன். அரை டம்ளர் போதும் என்றார். குடித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கணக்கு எழுதினார். பிறகு இடது கைச் சட்டையை மடித்துவிட்டார். மணிக்கட்டுக்கு மேலே தையல் இன்னும் பிரிக்கவில்லை.

"திங்கட்கிழமை போட்டாங்க. இங்க கொஞ்சம் மேல கை வைங்க" என்றார். "ஓடுது பாருங்க."