உங்களுக்குத் தெரியுமா? யானைத் தலைக்கு அரசு கொடுத்த இனாம்

1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், இலங்கை வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளைக் கொன்றதற்காக அரசிடம் இனாம் கோரப்பட்டதென, முன்னர் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில் பதிவுசெய்துள்ளார்.

• தலைக்குக் கிடைத்தது சில சிலிங்குகளே. இலங்கை யானைகளிற் பெரும்பாலானவை கொம்பற்றவையாதலால், தந்த வணிகம் இங்கு யானைக் கொலைக்கு முதன்மைக் காரணமாகவில்லை.

• வன்னியுடன், 1873இல் தனி மாகாணமாகப் பிரிந்த அநுராதபுரப் பகுதியும் அக்காலத்தில் வட மாகாணத்திலேயே இருந்தது.

• கொல்வோர் ஒருபுறமிருக்க, வடக்கு, வடகிழக்கு முஸ்லிம் ஊர்களின் பணிக்கர்கள், அதாவது தோற்கயிற்றுச் சுருக்கினால் யானையை உயிருடன் பிடிப்போர், அந்நியர் கண்ணுக்குத் தென்படாத தடத்தையும் கட்டைப் புல்வெளியில் ஓடிக்கொண்டே கண்டுபிடித்தனர்.

• அன்று கொன்றதற்கு இனாம்; இன்றோ வில்பத்து தேசியப் பூங்காவுக்குச் செல்வோர், விலங்கைக் காட்டித்தரும் வழிகாட்டிக்குப் பயண முடிவில் “சந்தோசம்” (அன்பளிப்பு) கொடுப்பது வழக்கம்.