மணற்காட்டிலே ஒரு பகல்

யாழ்ப்பாணத்திலே ஆறில்லை, மலையில்லை. அங்கே காண்பதற்கு என்ன உண்டு என்று வினவுவோர் உளர். அவர்களைப் பருத்தித்துறைத் தெருவழியே ஒருநாள் அழைத்துச் செல்லுதல் வேண்டும். சென்ற விடுமுறையிலே, என்னோடு கற்பிக்கும் நண்பர் ஒருவரும் நானும் அவ்வழியே மணற்காட்டுக் கடற்கரைக்குப் புறப்பட்டோம்.

நல்லூரையும் இருபாலையையும் கடந்து கோப்பாயை அடைந்ததும் செம்மண் தொடங்கியது. நீர்வேலியிலே வாழைத் தோட்டங்கள் தெருவின் இருமருங்கும் குலை சாய்த்து நின்றன. அப்பால் வெங்காயப் பாத்திகள். பாத்திகளுக்கு அப்பால் பனைகள். இப்பசுமை யாவும் கிணற்றின் கொடையே. மாரி மழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலே இறங்கி, ஆழத்திலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராய்த் தங்குகின்றது. அளவு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். முன்னோர் துலா மிதித்து நாள்முழுதும் இறைத்தனர். அவர்தம் உடற் களைப்பே நீருக்குக் காவலாயிருந்தது. இயந்திரத்திற்குக் களைப்பில்லை.

ஆவரங்காலைத் தாண்டியபின் தோட்டங்கள் மறைந்தன. வல்லைவெளி வந்தது. மரநிழலற்ற அவ்வெளியிலே உப்புக்காற்று முகத்தில் அறைந்தது. தொண்டைமானாற்றுக் கடனீரேரியின் பாலத்தைக் கடந்து, நெல்லியடி, மந்திகை வழியாக வல்லிபுரத்தை அடைந்தோம்.

வல்லிபுரத்து ஆழ்வார் கோயிலைச் சுற்றியுள்ள மண் வெறும் மணல். ஆயினும் இம்மணலின் பழைமை சிறிதன்று. வசப மன்னனின் பெயர் பொறித்த பொன்னேடு 1936ஆம் ஆண்டு இவ்வூரிலேதான் வெளிப்பட்டது. புரட்டாதித் திருவிழாவின்போது சுவாமி தீர்த்தமாடுவதும் இங்குள்ள கடலிலேயே.

அங்கிருந்து சிறிது தூரத்திலே மணற்காடு. குன்று குன்றாய் வெண்மணல்; காற்றிலே இரையும் சவுக்கு மரங்கள்; இடையே, சுவர்கள் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோயில். கடலை நோக்கிய சேமக்காலையிலே, 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கொண்டுபோனவர்களின் கல்லறைகள் இருக்கின்றன. அவற்றின் முன் நாங்கள் பேசாது நின்றோம்.

கரையிலே வள்ளங்கள் ஏற்றிவிடப்பட்டிருந்தன. நீலக் கடல் அன்று மிக அமைதியாயிருந்தது. வாடியொன்றின் பின்புறத்திலே மூதாட்டி ஒருவர் மணலிலே தோண்டிய சிறு ஊற்றிலிருந்து நீர் மொண்டு கொண்டிருந்தார். கேட்டதும் செம்பிலே வார்த்துத் தந்தார். கடல் கூப்பிடு தூரத்திலே இருக்க, நீர் இளநீர்போல இனித்தது.

“இந்தத் தண்ணி எங்கையிருந்து வருகுது, ஆச்சி?” என்றார் நண்பர்.

“மணல் தாற தண்ணி, தம்பி. மணல் இருக்குமட்டும் இதுவும் இருக்கும். அதையும் அள்ளிக்கொண்டெல்லோ போறாங்கள்!” என்று அவர் குன்றின் ஒரு பக்கத்தைக் காட்டினார். அங்கே வெட்டுவாய் தெரிந்தது; வண்டிச் சில்லுகளின் தடமும் தெரிந்தது.

வீடு கட்ட மணல் வேண்டும் என்பது மெய்யே. எனினும் மழையைச் சேமித்து வைப்பதும், கடலைத் தடுத்து நிற்பதும் இம்மணலேயன்றோ? ஆண்டுதோறும் இதனை அள்ளிச் செல்வோர், அந்த மூதாட்டியின் செம்பையும் உடன் கொண்டு செல்கின்றனர்.

மாலையிலே திரும்பியபோது நீர்வேலித் தோட்டங்களில் இறைப்பு இயந்திரங்கள் முழங்கின. காலையிலே அவ்வொலியை நாங்கள் கவனிக்கவேயில்லை. நிலநூற் பாடத்தைக் கரும்பலகையிலே கற்பிக்கும் நாங்கள், அடுத்த முறை மாணவரையும் அழைத்துவருவதென்று முடிவு செய்தோம். அவர்களும் அந்த ஊற்று நீரை ஒருமுறை அருந்தட்டும்.