இடது கன்னத்தில் இட்லி

அப்பாவுக்குப் பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துவிட்டது. வலது கையால் அவரே பல் தேய்த்துக்கொள்வார். அதனால வாயை நாங்க கவனிக்கவே இல்லை. ஒருநாள் மதியம் டார்ச் அடித்துப் பார்த்தால், இடது கன்னத்துக்குள் காலையில் சாப்பிட்ட இட்லி! அந்தப் பக்கம் உணர்ச்சி இல்லை, நாக்கும் துழாவாது. அவருக்கு எப்படித் தெரியும்?

சொத்தைப் பல்லோடு போகிற விஷயமில்லை இது. விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு வாய்க்கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் 2 ஆண்டுகள் நடந்து, 2002-ல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பல் தேய்த்துவிடப்பட்டவர்களில் 11% பேருக்கு நிமோனியா, மற்றவர்களில் 19%.

பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போனேன். "நான் என்ன குழந்தையாடா?" என்று வாயை மூடிக்கொண்டார். இப்போ முதலில் அவர் தேய்ப்பார். பிறகு இடப்பக்கம் மட்டும் நான்.