கோழிக்கூடும் கிணற்றுக் கப்பியும்

சேவல் கூவும்போது விழித்தெழுவது எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் புதிதன்று. விழித்த பின்னரும் எழ முடியாமற் கிடப்பதுதான் எனக்குப் புதிதாயிருந்தது.

பதினொரு ஆண்டுகளுக்கு முன், பாடசாலையில் வெண்கட்டியைப் பிடித்து எழுத இயலாதபடி என் கைவிரல் மூட்டுகள் வீங்கின. முடக்குவாதம் என்றார் வைத்தியர். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழி தவறி மூட்டுகளின் உள்ளுறையைத் தாக்குவதால் விளையும் நோய் இது. காலையில் விறைப்பு மிகும். வெயில் ஏற ஏறச் சிறிது தளரும். சில மாதங்கள் அடங்கிக் கிடக்கும். பின்னர், காரணம் எதுவுமின்றிச் சீறியெழும். கிழமைக்கு ஒருமுறை விழுங்கும் மாத்திரை அதைக் கட்டிவைக்கிறதேயன்றி அடியோடு நீக்குவதில்லை.

அப்போது என்னிடம் இருபத்திரண்டு ஊர்க்கோழிகள் இருந்தன. அம்மா விட்டுச்சென்ற வளவும், அவர் வளர்த்த கோழிகளின் வழிவந்த கோழிகளுமே எனக்கு மிஞ்சியவை. கூட்டின் கதவை ஓர் இரும்புக் கொக்கி பூட்டியிருந்தது. பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்துத் திருக வேண்டிய சின்னக் கொக்கி. ஒரு சித்திரை மாதக் காலையில் அந்தக் கொக்கியை என்னால் திருக முடியவில்லை. மணிக்கட்டால் தட்டினேன், தடியால் நெம்பினேன். பிறகு திண்ணையில் வந்து குந்திவிட்டேன். அயலவரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ஒரு கொக்கியைத் திறக்க ஆள் கூப்பிடுவதா என்ற வீம்பு. பத்தரை மணிக்கு விரல்கள் இளகியபின் திறந்தேன். தகரக் கூரையின் கீழ் வெக்கையில் இரண்டு பேடுகள் செத்துக் கிடந்தன.

அன்று பின்னேரம் தம்பி வந்தான். "அக்கா, உந்தக் கோழியளை வித்துப்போட்டுப் பேசாமல் இருங்கோவன். ஆருக்காக உந்தப் பாடு?" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் விடியற்காலையில் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பக்கூடிய வேறெதுவும் இந்த வீட்டில் இல்லை என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது?

அந்நாட்களில் அமெரிக்க எழுத்தாளர் பிளனெரி ஓ'கொனரின் வரலாற்றை வாசித்தேன். 1925இல் ஜோர்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். சிறுமியாயிருந்தபோது, பின்னோக்கி நடக்கும் அவருடைய கோழி ஒன்றைச் செய்திப்படக்காரர் வந்து படம்பிடித்துச் சென்றனர். இருபத்தைந்து வயதில் லூப்பஸ் என்னும் நோய் அவரைப் பற்றியது. அதுவும் என் நோயைப் போன்று உடல் தன்னையே தாக்கும் வகையைச் சேர்ந்தது. அவருடைய தந்தையாரும் அதனாலேயே 1941இல் மறைந்தவர். ஓ'கொனர் தாயாரின் பண்ணைக்குத் திரும்பி, ஊன்றுகோல்களுடன் நடந்து, காலையில் எழுதியும் மயில்களையும் கோழிகளையும் வளர்த்தும் வாழ்ந்து, 1964இல் முப்பத்தொன்பதாவது வயதில் காலமானார். அவருடைய துணிவைப் புகழ்வோர் பலர். என் கண்ணில் பட்டதோ வேறொன்று: அந்தப் பண்ணையை நடத்தியவர் தாயார். பறவைகளை அவர் தனியே சுமக்கவில்லை.

பதினான்கு கோழிகளை விற்றேன். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அறிந்தவளுக்கு அது இலகுவான காரியமன்று. மிகுந்தவை ஆறு.

பிறகு தச்சரை அழைத்தேன். "டீச்சர், கோழிக்கு மாடிவீடோ?" என்று சிரித்தார். புதிய கூட்டின் தளம் என் இடுப்பளவு உயரத்தில் நிற்கிறது, குனிய வேண்டியதில்லை. முட்டைப் பெட்டி வெளிப்புறமாகத் திறக்கும். தளத்தில் நாலங்குலத்துக்கு உமி. கோழிகளே அதைக் கிளறி உலர்த்திவிடுகின்றன. மாதங்கள் சில கழித்து முன்பலகையைக் கழற்றினால், நின்றபடியே கீழேயுள்ள கடகத்தில் வழித்துத் தள்ளலாம். எஞ்சியது முருங்கைக்குப் பசளை.

கதவுக்குத்தான் நெடுநேரம் யோசித்தோம். மோட்டர் பூட்டியபின் கிணற்றடியில் சும்மா கிடந்த கப்பி தச்சரின் கண்ணிற் பட்டது. இப்போது கதவு மேலும் கீழும் ஓடும் பலகை. அதிற் கட்டிய கயிறு கப்பிமேலேறித் திண்ணைக்கு வருகிறது. அதன் நுனியில் ஓர் அகன்ற வளையம். ஒற்றைக் கப்பி பாரத்தைக் குறைப்பதில்லை என்பது மாணவர் அறிந்ததே. ஆயினும் தூக்குவதை இழுப்பதாக மாற்றிவிடுகிறது. வளையத்துள் முழங்கையைக் கொடுத்து உடம்பைச் சற்றே சாய்த்தால் பலகை உயரும். வளையத்தை முளையில் மாட்டிவிடலாம். இதில் விரலுக்கு வேலையில்லை. பொழுதுபடக் கோழிகள் தாமே அடைந்துவிடும். வளையத்தை விட்டால் பலகை காடியில் இறங்கி மரநாய்க்கு வழியடைக்கும்.

தீனுக்குத் தடித்த குழாய் ஒன்றை நிறுத்தியிருக்கிறோம். ஒரு கோழி நாளொன்றுக்கு நூறு, நூற்றிருபது கிராம் தின்னும். ஐந்து கிலோ நிரப்பினால் கிழமை ஓடிவிடும். அயல்வீட்டுப் பையன் சனிக்கிழமைகளில் நிரப்புகிறான். கூலி நான்கு முட்டை. என் மாத்திரை எதிர்ப்புச் சக்தியைத் தாழ்த்துவதால், உமி மாற்றும் நாளில் நான் கிட்டப் போவதில்லை. மற்ற நாட்களிலும் முகமூடியும் சவர்க்காரமும் தப்பாது. நோய்ப்பட்ட கோழியைத் தொடுவதுமில்லை.

ஆள் கூப்பிடுவதற்கு வெட்கப்பட்ட அந்த இரண்டரை மணி நேரத்தை இன்னும் நினைக்கிறேன்.

சென்ற மாதம் கறுத்தப் பேடு அடைக்குக் கிடந்தது. வேலி பாய்ந்து வரும் அயல்வீட்டுச் சேவலின் கைங்கரியம், முட்டைகளெல்லாம் கருக்கட்டியவை. குஞ்சென்றால் வேலை கூடும். காகம், பருந்து, கீரி எல்லாவற்றுக்கும் காவல். ஆறுக்கு மேல் வேண்டாமென்று நானே வகுத்த கணக்கு. தம்பி தொலைபேசியில் எச்சரித்தான். பையனிடம் கேட்டேன். "நான் பாக்கிறன் டீச்சர்" என்றான். ஐந்து முட்டை வைத்தோம். இருபத்தொரு நாட் கணக்கில் இன்று பதினெட்டாவது நாள்.