ஒரு கூரை, பல மின் கணக்குகள்

பிரேசிலின் ரியோ நகரில், கோபகபானா கடற்கரைக்கு அருகே மலைச்சரிவில் இருக்கிறது பபிலோனியா. ஏழைகள் வாழும் இத்தகைய குடியிருப்பை அங்கே ஃபவேலா என்பார்கள். நெருக்கியடித்த செங்கல் வீடுகள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி போக மிச்ச இடம் கொஞ்சம்தான். வீட்டுக்கு வீடு சோலார் பேனல் எங்கே வைப்பது? 2021-இல் குடியிருப்போர் சங்கக் கட்டடத்தின் கூரையில் மொத்தமாகப் பொருத்திவிட்டார்கள். உதவியது ரெவோலுசோலார் என்ற அமைப்பு. வேலையில் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களும் உண்டு. அந்த மின்சாரம் பொது மின்கம்பியில் கலக்கும். யூனிட் கணக்கு மட்டும், குடியிருப்போர் சேர்ந்த மின் கூட்டுறவின் உறுப்பினர்களது பில்லில் பிரித்துக் கழிக்கப்படும். இப்படிப் பகிர்ந்துகொள்ள பிரேசில் 2015-லேயே விதி வகுத்திருந்தது. பேனல் விலை இறங்கியதைவிட இந்த விதிதான், நேயர்களே, பெரிய விஷயம். சொந்தக் கூரை இல்லாதவருக்கும் இதனால் சூரிய மின்சாரத்தில் பங்கு உண்டு.