160 எழுத்துகளில் வியாபாரம்

ஒரு குறுஞ்செய்தியில் 140 பைட் தகவல்தான் அடங்கும். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஏழு பிட் போதும். ஆகவே 160 எழுத்து வரை அனுப்பலாம். தமிழுக்குக் குறி ஒன்றுக்கு 16 பிட் தேவை என்பதால் 70 குறிகளோடு செய்தி முடிந்துவிடும். ரோமன் எழுத்தில் எழுதப்படும், கென்யாவில் புழங்கும் சுவாஹிலி மொழிக்கு முழு 160-ம் கிடைக்கும். இவ்வளவு சின்ன இடத்தில் ஓர் இளைஞருக்கு வியாபாரம் கற்றுக்கொடுக்க முடியுமா?

கென்யாவில் இந்தக் கேள்விக்கு அவசரம் உண்டு. பள்ளியை விட்டு வெளியே வரும் இளைஞர்களில் ஏராளமானோர் தங்கள் பிழைப்பைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள்: வாடகை பைக் ஓட்டுவது, பழைய துணி விற்பது, கைபேசி பழுதுபார்ப்பது. 2007 மார்ச்சில் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை வந்ததும் பட்டன் போனே அவர்களுக்குப் பணப்பையாகிவிட்டது. அதற்கு இணையம் தேவைப்படவில்லை. போனும் கோபுரமும் தமக்குள் பேசிக்கொள்ளும் கட்டுப்பாட்டுத் தடத்திலேயே குறுஞ்செய்தி பயணம் செய்துவிடும். பணம் போகிற வழியில் பாடமும் போகலாமே என்று பலருக்கும் தோன்றியது. அரிஃபு போன்ற கென்ய நிறுவனங்கள் குறுஞ்செய்தியில் கேள்வி பதிலாகவே பாடம் நடத்தின.

எதைச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் கடினமான பகுதி. அதற்கு நல்லதொரு விடை டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தது, அதுவும் வகுப்பறையிலிருந்து. அடோபெம் என்ற சிறுகடன் வங்கியின் வாடிக்கையாளர்கள் சுமார் 1,200 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு அது, 2014-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு முறையான கணக்கியல் கற்பித்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு எளிய நடைமுறை விதிகள் மட்டும். அவற்றில் முதன்மையானதைத் தமிழில் எழுதினாலும் 70 குறிகளுக்குள் அடங்கிவிடும்: கடைப் பணம் ஒரு பெட்டியில், வீட்டுப் பணம் வேறு பெட்டியில்.

கணக்கியல் படித்தவர்களிடம் சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை. விதியைக் கற்றவர்களோ கணக்கு வைக்கத் தொடங்கினார்கள். இரண்டு பணத்தையும் பிரித்தார்கள். காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. பேரேடு எழுத, கடை சாத்திய பிறகு உட்கார வேண்டும். அந்நேரம் உடம்பில் தெம்பு இருக்காது. இந்த விதி அப்படியல்ல. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காகக் கல்லாவில் கை வைக்கும் அந்த நொடியிலேயே அது குறுக்கே வந்து நிற்கும். எடுத்த தொகையை ஒரு சீட்டில் எழுதிப் போட்டுவிட்டால், மாதக் கடைசியில் பெட்டி காலியாக இருப்பது வியாபாரம் நொடித்ததாலா, வீட்டுச் செலவாலா என்று தெரிந்துவிடும். கடன் வாங்கிக் கடை நடத்துகிறவருக்கு இதைவிடத் தேவையான அறிவு வேறு இல்லை என்றே நினைக்கிறேன். இப்படிப்பட்ட விதிகளைப் பின்னர் இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் கைபேசி வழியே அனுப்பிப் பார்த்தார்கள்.

ஆனால் வியாபாரத் திறமை முழுவதும் விதிகளாலானது அல்ல. டோகோவின் தலைநகர் லோமேயில் 1,500 சிறுதொழில் செய்வோரை மூன்று பிரிவாக்கி ஓர் ஆய்வு நடந்தது. 2017-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான கணக்கு, விற்பனைப் பயிற்சி. மற்றொன்றுக்கு, பிறர் செய்வதையே செய்யாமல் தாமே முன்கை எடுத்துப் புதிய வாய்ப்பைத் தேடும் மனப்பழக்கத்துக்கான உளவியல் பயிற்சி. மூன்றாம் பிரிவுக்குப் பயிற்சியே இல்லை. முன்கை எடுக்கப் பழகியவர்களின் லாபம் பயிற்சி பெறாதோரைவிட 30 சதவீதம் கூடியது. வழக்கமான பயிற்சியில் தெரிந்த 11 சதவீத உயர்வு தற்செயலாகவும் இருந்திருக்கலாம். அந்த உளவியல் பயிற்சியை 160 எழுத்தில் அடைக்க முடியாது. பல அரை நாள் வகுப்புகள் நடந்தன. பிறகு பயிற்றுநர் நான்கு தடவை கடைக்கே நேரில் போய்ப் பார்த்து வந்தார்.

எழுத்து வரம்பையே நீக்கிவிட்டால்? அதையும் கென்யாவில் செய்து பார்த்துவிட்டார்கள். 640 சிறுதொழில் முனைவோர் பங்கேற்ற ஆய்வில், ஒரு பகுதியினருக்கு வாட்ஸ்அப்பில் செயற்கை நுண்ணறிவு ஆலோசகர் கிடைத்தது. எப்போது வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். சராசரியாகப் பார்த்தால் பலன் ஒன்றுமில்லை. பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. ஏற்கெனவே நன்றாக நடத்திக்கொண்டிருந்தவர்கள் 15 சதவீதத்துக்கு மேல் முன்னேறினார்கள். தடுமாறிக்கொண்டிருந்தவர்கள் எட்டிலிருந்து பத்து சதவீதம் வரை இன்னும் சரிந்தார்கள். வந்த பல யோசனைகளில் தன் கடைக்கு எது பொருந்தும் என்று தேர்ந்தெடுப்பதில்தான் வேறுபாடு. விலையைக் குறை, விளம்பரம் செய் என்ற பொதுவான அறிவுரையை எடுத்துக்கொண்டவருக்குக் கைப்பணம்தான் கரைந்தது.

இது என்னை உறுத்துகிறது. ஏனென்றால் டொமினிக்கன் ஆய்வில் நடந்தது இதற்கு நேர்மாறு: அங்கே எளிய விதியால் அதிகம் பயனடைந்தவர்கள், கணக்கு வழக்கில் மிகவும் பின்தங்கியிருந்தவர்களே. குறைவாகச் சொன்னது நலிந்தவருக்கு உதவியது. நிறையச் சொன்னது அவரைக் கீழே தள்ளியது. கைபேசிப் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கும் அரசுகளும் அறக்கட்டளைகளும் சராசரிக் கணக்கோடு நின்றுவிடாமல் இந்தப் பிளவைப் பார்க்க வேண்டும். புதிதாகக் கடை போடும் இளைஞருக்கு முதலில் பெட்டி விதியை அனுப்பலாம். லோமேயில் செய்ததுபோல் ஒருவர் நேரில் போய் அந்தக் கடையை நான்கு தடவை பார்த்து வந்த பிறகு, ஆலோசகர் செயலியை அந்த இளைஞர் கையில் கொடுக்கலாம்.